டொக்டரிட்ட எதைச் சொல்லுறது?

"எங்கட சனம் மனசைப் பற்றி டொக்டரிட்ட வாய் திறக்காது." இதைச் சொல்லாத ஆளில்லை. விழிப்புணர்வுக் கருத்தரங்கிலும் சொல்கிறார்கள், பத்திரிகைக் கட்டுரையிலும் எழுதுகிறார்கள், நாங்களும் கன்ரீனில் இருந்து சொல்லியிருக்கிறோம். காரணமும் கையோடு வரும்: அறிவில்லை, வெட்கம், "சனம் என்ன கதைக்கும்" என்ற பயம். இதில் உண்மை இருக்கிறது. ஆனால் இந்த விளக்கம் முழுப் பழியையும் வரிசையில் நிற்கிற ஆளின் தலையில் போட்டுவிட்டுப் போய்விடுகிறது.

ஒரு சமூகம் சும்மா வாயை மூடாது. சொன்னால் என்ன நடக்கும் என்று அதற்கு ஒரு அனுபவம் இருக்கும். ஆகவே நாங்கள் கேள்வியைக் கொஞ்சம் திருப்பிப் பார்த்தோம். இலங்கையில் ஒரு தமிழ் ஆள் "எனக்கு மனசு சரியில்லை" என்று சொல்ல நினைத்தால், கடந்த 150, 175 வருசத்தில் யாரிடம் போயிருக்கலாம்? எந்தப் பாஷையில் சொல்லியிருக்கலாம்? சொன்ன பிறகு என்ன நடந்திருக்கும்?

டொக்டருக்கு முந்தி

முதலில் ஒன்றைத் தெளிவாக்க வேண்டும். சனம் எந்தக் காலத்திலும் பேசாமல் இருக்கவில்லை. சொன்ன இடம்தான் வேறு.

பைத்தியம் என்ற சொல்லையே எடுப்போம். இன்றைக்கு அது ஒரு ஏச்சு. அதன் வேர் பித்தத்தில் இருக்கிறது. வாதம், பித்தம், கபம் மூன்றும் குழம்பினால் உடம்பும் குழம்பும், புத்தியும் குழம்பும் என்பது பழைய வைத்தியத்தின் கணக்கு. செகராசசேகரம், பரராசசேகரம் போன்ற வைத்திய நூல்கள் உலாவிய யாழ்ப்பாணத்தில், பரியாரியாரிடம் போனவர் "உடம்பு ஒரு பக்கம், மனசு ஒரு பக்கம்" என்று பிரித்துச் சொல்லத் தேவையிருக்கவில்லை. நித்திரை இல்லை, சாப்பாடு இறங்குதில்லை, தலை கொதிக்குது என்றால் அதுவே முழு வருத்தம். பரியாரியாரும் எண்ணெய், குடிநீர், பத்தியம் என்று ஒரே கையால் இரண்டையும் பார்த்தார்.

அதற்கும் அடங்காததைக் கோயில் பார்த்தது. நூல் கட்டுறது, பார்வை பார்க்கிறது, நேர்த்தி வைக்கிறது, உரு ஆடுறது. செத்தவீட்டில் ஒப்பாரி இருந்தது. அங்கே ஒரு பெண் தன் புருசன் வீட்டுக் கொடுமையையும் சேர்த்து அழுது சொல்லலாம், ஒருவரும் குறுக்கே வரமாட்டார்கள். இதெல்லாம் வருத்தத்தை மாற்றியதா என்பது வேறு கேள்வி. சொல்லுவதற்கு ஒரு இடமும் கேட்பதற்கு ஆக்களும் இருந்தார்கள் என்பதுதான் எங்களுக்கு இங்கே முக்கியம்.

எல்லாம் பொற்காலம் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. "பேய் பிடிச்சிட்டுது" என்று சொல்லி அடி வாங்கியவர்களும், சங்கிலியில் கட்டப்பட்டவர்களும் இதே ஊர்களில்தான் இருந்தார்கள்.

கிறீன் விட்டுப்போன பாதை

1847 ஒக்டோபரில் ஒரு அமெரிக்க மிஷன் டொக்டர் இலங்கைக்கு வந்தார். சாமுவேல் பிஸ்க் கிறீன், வயது 25. வட்டுக்கோட்டையில் தொடங்கி மானிப்பாயில் நிலைகொண்டார். வந்து கொஞ்சக் காலத்திலேயே அவருக்கு ஒன்று விளங்கியது: நோயாளி தமிழில் சொல்வதைத் தமிழில் விளங்குகிற வைத்தியர் இல்லாவிட்டால் இந்த மருத்துவம் ஊருக்குள் இறங்காது.

அவர் ஆங்கில மருத்துவ நூல்களைத் தமிழாக்கும் பெரிய வேலையைத் தொடங்கினார். இரண வைத்தியம், மனுஷ அங்காதிபாதம், கெமிஸ்தம், வைத்தியாகரம் என்று நூல்கள் வந்தன. 1860களில் மாணவருக்கு மருத்துவத்தைத் தமிழிலேயே படிப்பித்தார். அவரிடமும் அவருடைய பள்ளியிலும் படித்து வெளிவந்த வைத்தியர்கள் 60 பேருக்கு மேல். இதெல்லாம் வேறெங்கும் பெரிதாக நடக்காத காலம்.

கிறீன் மனநல வைத்தியர் இல்லை. அவரும் மதம் பரப்ப வந்தவர்தான். ஊர்ப் பரியாரிமாரையும் கோயிலையும் பெரிதாக மதித்தவர் என்றும் சொல்ல ஏலாது. ஆனால் அவர் பிடித்த விசயம் எங்கள் கதைக்கு அடிப்படை. கால் முறிந்தால் பாஷை தேவையில்லை, காட்டினால் போதும். நெஞ்சுக்குள் ஒரு பாரம் என்றால் அதை எதைக் கொண்டு காட்டுவது? சொல்லைத் தவிர வேறொன்றும் இல்லை.

1873ல் கிறீன் நாட்டை விட்டுப் போனார். தமிழில் மருத்துவம் படிப்பிப்பது அதற்குப் பிறகு நெடுங்காலம் நிலைக்கவில்லை. 1870ல் தொடங்கிய கொழும்பு மருத்துவக் கல்லூரிதான் நாட்டின் பாதையானது. அங்கே பாஷை ஆங்கிலம். அன்று முதல் இன்று வரை ஒரு தமிழ் டொக்டர் வருத்தத்தை ஆங்கிலத்தில் படிக்கிறார், நோயாளியிடம் தமிழில் கேட்கிறார், துண்டில் ஆங்கிலத்தில் எழுதுகிறார். நடுவில் எவ்வளவு விழுந்து போகிறது என்று யாரும் எண்ணிப் பார்த்ததில்லை.

அதே 1873

கிறீன் கப்பல் ஏறிய அதே வருசம் கொழும்பில் ஒரு சட்டம் வந்தது: 1873ஆம் ஆண்டின் முதலாம் இலக்கப் பைத்தியர் கட்டளைச் சட்டம். அதற்கு முன்பு, ஒல்லாந்தர் காலத்துத் தொழுநோயாளர் விடுதியான ஹெந்தளையில் மனநோயாளரையும் போட்டு வைத்திருந்தார்கள். 1847ல் பொரளையில் தனிக் காப்பகம் வந்தது, 1880களில் கறுவாத் தோட்டத்தில் இன்னொன்று, 1920களின் பிற்பகுதியில் அங்கொடை.

சட்டத்தின் நடைமுறையைப் பார்த்தால் ஒன்று கண்ணில் குத்தும். ஒருவருக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று சந்தேகம் வந்தால் விசயம் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போகும். பொலிஸ் கொண்டுவரும், நீதவான் விசாரிப்பார், டொக்டர் சாட்சி சொல்வார், பிறகு கட்டளை. நோயாளி தானாகப் போய் "என்னைப் பாருங்கோ" என்று சேருவதற்கான வழி பிந்திய திருத்தங்களோடுதான் வந்தது. 1956 திருத்தத்தோடு அடிப்படைச் சட்டம் அப்படியே நின்றுவிட்டது.

ஒரு யாழ்ப்பாணத்துக் குடும்பத்தின் இடத்தில் நின்று யோசித்துப் பாருங்கள். யாழ்ப்பாணத்துக்கு ரயில் வந்ததே 1905ல். மகனுக்கு வருத்தம் என்று வெளியில் சொன்னால் பொலிஸ், கோடு, பிறகு 400 கிலோமீற்றருக்கு அங்கால் பாஷை தெரியாத ஊரில் ஒரு மதில். போனவர் திரும்பி வருவாரா என்பதும் நிச்சயமில்லை. அந்தக் குடும்பம் பின் அறையைப் பூட்டியது அறியாமையால் மட்டும் என்று எங்களால் சொல்ல முடியவில்லை.

அங்கொடை என்பது ஒரு ஊரின் பெயர். ஆனால் எங்களுக்கு அது பள்ளிக்கூடத்தில் கற்ற ஒரு நக்கல். "இவனை அங்கொடைக்கு அனுப்புங்கோ" என்று சொல்லாத வகுப்பு உண்டா? பாட்டன் காலத்துப் பயம்தான் பேரன் காலத்தில் பகிடியாகி நிற்கிறது.

1937ல் லண்டன் மோட்ஸ்லி வைத்தியசாலையின் எட்வேர்ட் மபோதரை அரசாங்கம் அழைத்தது. அங்கொடையின் நெரிசலைப் பார்த்த அவருடைய அறிக்கை அடுத்த வருசம் வந்தது. மனநோய்ச் சிகிச்சையை மதிலுக்கு வெளியே, சாதாரண ஆஸ்பத்திரிகளுக்குள் கொண்டுவர வேண்டும் என்ற பேச்சு அதோடு வலுத்தது. 1939ல் கொழும்பு பெரியாஸ்பத்திரியில் ஒரு வெளிநோயாளர் கிளினிக் தொடங்கியது. சிறிய விசயம் போலத் தெரியும். ஆனால் காலையில் போய்க் கதைத்துவிட்டுப் பின்னேரம் வீட்டுக்கு வரலாம் என்ற எண்ணமே அப்போதுதான் பிறக்கிறது. அது வடக்கு, கிழக்குக்கு வந்து சேரப் பல பத்தாண்டுகள் பிடித்தன.

மலையகத்தில் கதை வேறு. 1872ஆம் ஆண்டு மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டத்தின் வழியாகத் தோட்டங்களுக்கு வைத்திய ஏற்பாடு வந்தது. ஆனால் தோட்டத்து டிஸ்பென்சரியில் கேட்கப்பட்ட முதல் கேள்வி "இந்த ஆள் இன்றைக்கு வேலைக்குப் போகலாமா" என்பதுதான். காய்ச்சல் என்றால் உடம்பு சுடும், காட்டலாம். மனசுக்கு ஏலாது என்று சொல்லி அன்றைய பேரை யார் வாங்குவது?

சொன்னால் குற்றம்

இன்னொரு சட்டமும் இருந்தது. 1883ஆம் ஆண்டு தண்டனைச் சட்டக்கோவையின் 302ஆம் பிரிவு: தன் உயிரை மாய்க்க முயன்று தப்பியவருக்கு ஒரு வருடம் வரை சிறை, அல்லது தண்டப்பணம், அல்லது இரண்டும். இது 1998 வரை, 115 வருசம் உயிரோடு இருந்தது.

இதன் அர்த்தத்தை வைத்தியசாலைக் கட்டிலில் இருந்து பார்க்க வேண்டும். ஒருவர் தப்பி வந்திருக்கிறார். அந்த நேரத்தில்தான் அவருக்குக் கதைக்க ஒரு ஆள் அதிகம் தேவை. ஆனால் உண்மையைச் சொன்னால் வாட்டு வாசலில் பொலிஸ். ஆகவே "தெரியாமல் குடிச்சிட்டார்", "கை தவறிட்டுது" என்று வீடு பொய் சொல்லும். டொக்டருக்கும் அது பொய் என்று தெரியும். இரண்டு பக்கமும் சேர்ந்து ஒன்றும் நடக்கவில்லை என்று நடித்த பிறகு அந்தப் பிள்ளை வீட்டுக்குப் போகும்.

இந்தக் காலத்தில்தான் இலங்கையின் தற்கொலை வீதம் உலகிலேயே மிக உயர்ந்தவற்றில் ஒன்றானது. 1995ல் 100,000 பேருக்கு 47. அடுத்த பத்து வருசத்தில் அது ஏறக்குறைய அரைவாசியாக இறங்கியது. அதற்குப் பெரிய காரணமாக ஆய்வாளர்கள் காட்டுவது, மிக நச்சுத்தன்மையான பூச்சிமருந்துகளைப் படிப்படியாகத் தடைசெய்ததை. ஒரு கெட்ட நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் நஞ்சு இல்லாவிட்டால் பலர் அந்த நேரத்தைக் கடந்து உயிர் வாழ்கிறார்கள் என்பதே இதன் பாடம். "சாகத் துணிந்தவரை ஒருவராலும் தடுக்க ஏலாது" என்ற எங்கள் ஊர்ப் பேச்சு பிழை என்று இந்த நாட்டு வரலாறே காட்டிவிட்டது.

அதற்கு முந்தியே 1974ல் ஜோன் டி மெல் கொழும்பில் சுமித்ரயோவைத் தொடங்கியிருந்தார். மருந்தும் இல்லை, மதிலும் இல்லை, கோடும் இல்லை. ஒரு ஆள் சொல்ல, இன்னொரு ஆள் இருந்து கேட்பது. அவ்வளவுதான் அதன் முறை.

யுத்தம், உடம்பு, மொழி

1978ல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மருத்துவபீடம் தொடங்கியது. கிறீன் போய் ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் மீண்டும் டொக்டர்கள் உருவானார்கள். ஆனால் வந்த காலம் யுத்த காலம். 1987 ஒக்டோபர் 21ல், தீபாவளியன்று, இந்தியப் படையினர் யாழ் ஆஸ்பத்திரிக்குள் புகுந்து சுட்டார்கள். நோயாளர், தாதியர், டொக்டர் என்று 60 பேருக்கு மேல் அங்கேயே செத்தார்கள். வருத்தத்தைச் சொல்லப் போகும் இடமே வருத்தமான இடமாகிவிட்டது.

அந்தக் காலத்தில் மருத்துவபீடத்தைச் சேர்ந்த சிலர் சனம் சொல்வதை எழுதத் தொடங்கினார்கள். உடற்கூற்றியல் துறைத் தலைவர் ராஜனி திராணகம பெண்கள் தன்னிடம் சொன்னவற்றைப் பதிவுசெய்தார். ராஜன் ஹூல், சிறீதரன், உளமருத்துவர் தயா சோமசுந்தரம் ஆகியோரோடு அவர் சேர்ந்து எழுதியது "முறிந்த பனை". 1989 செப்டெம்பர் 21ல் அவர் சுட்டுக்கொல்லப்பட்டார். கேட்டு எழுதுவதற்கும் இங்கே ஒரு விலை இருந்தது.

1994ல் தயா சோமசுந்தரமும் சிவயோகனும் யாழ்ப்பாணப் பொதுமக்களிடம் செய்த ஆய்வு ஒன்று பிரித்தானிய உளமருத்துவச் சஞ்சிகையில் வந்தது. யுத்தம் என்றால் எல்லாரும் தேடுவது நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடுவை. அது 27 வீதமானோரில் காணப்பட்டது. ஆனால் முதலிடத்தில் இருந்தது வேறொன்று: மனத்துயரம் உடல் வருத்தமாக வெளிப்படுவது, 41 வீதம். தலையிடி, நாரி உளைவு, நெஞ்சு படபடப்பு, உடம்பு முழுக்க எரிவு. பெருமூச்சு என்ற எங்கள் சாதாரணச் சொல்லையே சோமசுந்தரம் துயரத்தின் மொழியாக வாசித்து எழுதினார்.

இந்த இடத்தில்தான் எங்கள் முதற் கேள்விக்கு ஒரு பதில் கிடைக்கிறது. சனம் டொக்டரிட்ட வாய் திறக்காமல் இருக்கவில்லை. திறந்து "உடம்பு உளையுது" என்று சொன்னது. பரியாரியாரிடம் சொன்ன அதே பாஷை அது. நீதிமன்றத்துக்கு இழுக்காத பாஷை. அங்கொடை என்ற பெயர் வராத பாஷை. அந்தக் காலத்தில் ஆமிக்கும் இயக்கத்துக்கும் நடுவில் இருந்து சொல்லக்கூடிய ஒரே பாதுகாப்பான பாஷையும் அதுவாக இருந்திருக்கலாம். டொக்டர் பனடோல் எழுதினார். பிழை யாருடையது?

மட்டக்களப்பில் இன்னொரு இடம் திறந்திருந்தது. 1990களில் அங்கே ஆய்வு செய்த மானிடவியலாளர் பற்றீசியா லோறன்ஸ், அம்மன் கோயில்களில் வாக்குச் சொல்லும் பெண்களைப் பற்றி எழுதினார். காணாமல் போன பிள்ளையைப் பற்றிப் பொலிஸிலும் கேட்க முடியாது, முகாமிலும் கேட்க முடியாது. தாய்மார் அம்மனிடம் கேட்டார்கள். ஊருக்கு நடுவில், எல்லார் முன்னாலும், அந்தப் பிள்ளையின் பெயர் சொல்லப்பட்டது. 2000ஆம் ஆண்டளவில் உளமருத்துவர் மகேசன் கணேசன் மட்டக்களப்பில் வேலையைத் தொடங்கியபோது, அரச சேவையை ஏறக்குறைய அத்திவாரத்திலிருந்து கட்ட வேண்டியிருந்தது.

2004 டிசெம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நிலைமை ஓரளவு மாறியது. 2005ல் தேசிய மனநலக் கொள்கை வந்தது. பெரிய மனநோய் ஆஸ்பத்திரிகளை நம்பியிராமல் மாவட்டங்களுக்குச் சேவையைக் கொண்டுபோவது அதன் நோக்கம். ஆனால் 2009க்குப் பிறகு வன்னியில், அதிகம் தேவைப்பட்ட இடத்தில், உளசமூக வேலைக்கு அனுமதி எடுப்பதே பெரும்பாடாக இருந்தது. அந்த வருசம் யூலை முதல் செப்டெம்பர் வரை யாழ் மாவட்டத்தில் நடந்த ஒரு ஆய்வில் பதகளிப்பு 32.6 வீதம், மனச்சோர்வு 22.2 வீதம், மனவடு 7 வீதம் எனப் பதிவானது. அதாவது வரிசையில் நிற்கிற மூன்று பேரில் ஒருவரின் நெஞ்சு படபடத்துக்கொண்டிருந்தது.

இப்ப நாங்கள்

எங்கள் வயதுக்காரருக்குச் சொற்கள் நிறையத் தெரியும். ஸ்ட்ரெஸ், டிப்ரெஷன், டொக்சிக் என்று ஸ்டேற்றஸ் போடுகிறோம். ஆனால் சோதனைக்குப் போக முடியாமல் போனால் என்ன செய்கிறோம்? மெடிக்கல் எடுக்கிறோம். அதில் வைரஸ் காய்ச்சல் என்று இருக்கும், வயிற்றோட்டம் என்று இருக்கும். மூன்று கிழமை கட்டிலை விட்டு எழும்பாமல் கிடந்த நண்பனும் வயிற்றோட்டம் என்றுதான் கொடுத்தான். 115 வருசம் வாட்டுக்குள் சொல்லப்பட்ட அதே வகைப் பொய்தான் இது. சட்டம் போய்விட்டது, பழக்கம் போகவில்லை.

ஆலோசனைக்குப் போகலாம் என்றால், ஆலோசகராக நியமிக்கப்பட்டவர் நாளைக்கு எங்கட விடைத்தாளையும் திருத்தப்போகிற விரிவுரையாளர். அவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனாலும் யோசிக்கத்தான் செய்கிறோம். அந்த யோசனையை அறியாமை என்று யாரும் சொல்லமாட்டார்கள். பிறகு ஏன் வரிசையில் நிற்கிற அம்மாவின் யோசனையை மட்டும் அறியாமை என்கிறோம்?

இந்த வரலாற்றில் கதவுகள் திறந்த இடங்களைப் பார்த்தால், எதுவும் "சனமே, வாயைத் திற" என்று உபதேசித்ததால் திறக்கவில்லை. மருத்துவத்தைத் தமிழில் எழுதினார்கள். மதிலுக்கு வெளியே கிளினிக் வைத்தார்கள். ஒரு சட்டப் பிரிவைத் தூக்கினார்கள். நஞ்சைக் கடையிலிருந்து எடுத்தார்கள். ஊர் ஆஸ்பத்திரிக்கு ஒரு உளமருத்துவரை அனுப்பினார்கள். சொல்வது கொஞ்சம் பாதுகாப்பானபோது சனம் கொஞ்சம் சொன்னது.

ஆகவே கேட்க வேண்டியவையும் அப்படிப்பட்டவைதான். 1873ன் அத்திவாரத்தில் நிற்கிற சட்டத்துக்குப் பதிலாக ஒரு புதிய சட்டம். தமிழ் பேசும் நோயாளி எந்த மாவட்டத்தில் போனாலும் தமிழில் கேட்கிற ஒரு ஆள். பல்கலைக்கழகத்தில் எங்களுக்குப் புள்ளி போடாத ஒரு ஆலோசகர். வருத்தத்தின் பெயரை உள்ளபடி எழுதினாலும் ஏற்றுக்கொள்கிற ஒரு மெடிக்கல்.

அதுவரைக்கும் இருக்கிற கதவுகளைப் பாவிப்போம். மாவட்ட ஆஸ்பத்திரிகளில் மனநலக் கிளினிக் இலவசமாக நடக்கிறது. மற்ற கிளினிக்குக்குப் போவது போலவே போகலாம். 1926 என்பது தேசிய மனநல உதவி இலக்கம். டொக்டருக்கு முன்னால் போய் இருந்து "மனசு சரியில்லை" என்ற வசனம் வராவிட்டால் பரவாயில்லை. "நித்திரை வருதில்லை, நெஞ்சு படபடக்குது, ஒரு மாசமாச்சு" என்று தொடங்கலாம். எங்கட ஆச்சிமார் அப்படித்தான் தொடங்கினார்கள். டொக்டர் துண்டை நீட்டும்போது மட்டும் உடனே எழும்பி வராமல், "இன்னொண்டும் இருக்கு டொக்டர்" என்று சொல்லிப் பார்ப்போம்.